வில்லியம் ராக்ஸ்பரோ

பெரிய வேலையொன்றைத் தொடங்குதல் எளிது. அன்றாடக் கடமைகளும் எதிர்பாராத இடையூறுகளும் குறுக்கிடும்போது அதனைக் கைவிடாது நடத்திச் செல்லுதல் அரிது. ஓய்வான காலம் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கி வைத்த நற்பணிகள் பல முடிவு பெறாமலே போயின. கிடைத்த சிறு பொழுதுகளைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பொறுமையுடன் உழைத்து, இந்திய நாட்டு மரஞ்செடி கொடிகளுக்கு நீர்வண்ண ஓவியத் தொகுதி ஒன்றை உருவாக்கியவர் வில்லியம் ராக்ஸ்பரோ. இந்தியத் தாவர இயலின் தந்தை என்று அறிஞர்கள் அவரைப் போற்றுவர்.

ராக்ஸ்பரோ 1751 ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டின் அயர்ஷயர் பகுதியில் பிறந்தார். எடின்பரோ நகரத்துப் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் கற்றார். அக்காலத்தில் மருந்துகளிற் பெரும்பாலானவை வேரிலிருந்தும் பட்டையிலிருந்தும் இலையிலிருந்துமே கிடைத்தன. ஆதலின் மருத்துவம் பயில்வோர் தாவர இயலையும் பயின்றனர். அங்கு ஜான் ஹோப் என்னும் பேராசிரியர் அப்பாடத்தைக் கற்பித்து வந்தார். செடிகளை ஏட்டில் மட்டும் படித்தல் போதாது, தோட்டத்திற் கண்டும் தொட்டும் ஆராய்தல் வேண்டும் என்பது அவருடைய முறை. அவரிடம் பெற்ற பயிற்சி ராக்ஸ்பரோவின் வாழ்நாள் முழுவதும் பயன்பட்டது. பிற்காலத்தில் இந்திய மரவகை ஒன்றுக்கு அவர் தம் ஆசிரியர் நினைவாக ஹோப்பியா என்று பெயர் சூட்டினார்.

கல்வி முடிந்தபின் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் மருத்துவ உதவியாளராகப் பணிபுரிந்தார். 1776 ஆம் ஆண்டில் சென்னையில் கம்பெனியின் உதவி மருத்துவராக அமர்ந்தார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, எஞ்சிய நேரத்தை அவர் வீணாக்கவில்லை. காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் மழையின் அளவையும் கருவிகளைக் கொண்டு நாள்தோறும் அளந்து குறித்து வந்தார். இக்குறிப்புகள் இலண்டன் மாநகரத்து அறிஞர் கழகத்தின் வெளியீட்டில் 1778 ஆம் ஆண்டில் இடம்பெற்றன. ஒவ்வொரு நாளும் சிறிதளவு செய்து, அதனை ஒழுங்காக எழுதி வைக்கும் பழக்கம் அவரிடம் இளமையிலேயே வேரூன்றியிருந்ததை இதனால் அறியலாம்.

சில ஆண்டுகளில் ராக்ஸ்பரோ காவிரியாற்றின் கழிமுகக் கரையிலுள்ள நாகூருக்கு அனுப்பப்பட்டார். அக்காலத்தில் அக்கரையின் நிலைமை வியப்புக்கு உரியது. வடக்கே தரங்கம்பாடியில் தேனியர் 1620 ஆம் ஆண்டு முதல் கோட்டை கட்டி வாழ்ந்தனர். அதற்குத் தெற்கே அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர் 1739 ஆம் ஆண்டில் பெற்றனர். காரைக்காலுக்குத் தெற்கே நாகூர் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதனையடுத்த நாகப்பட்டினம் ஒல்லாந்தர் வசம் இருந்தது. ஒரு நாட்பயணத் தொலைவுக்குள் ஐரோப்பியர் நால்வரின் கொடிகள் பறந்தன. 1778 ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர் மூண்டது. காரைக்கால் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1785 ஆம் ஆண்டில்தான் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது.

கொடிகள் மாறினாலும் நிலம் மாறவில்லை. உப்பங்கழிகளின் ஓரத்தில் தில்லையும் கண்டலும், மணல் மேடுகளில் தாழையும் புன்னையும், வயல்வரப்புகளில் பனையும், வாய்க்கால் கரைகளில் எண்ணற்ற பூண்டுகளும் செழித்திருந்தன. குளிர்நாட்டிற் பிறந்த ராக்ஸ்பரோவுக்கு இவை புதுமையாகக் காட்சியளித்தன. மருத்துவப் பணிக்கு இடையே அவர் செடிகளைத் திரட்டத் தொடங்கினார்.

இம்முயற்சியில் அவருக்கு வாய்த்த சிறந்த நண்பர் ஜோஹன் கேனிக் என்பவர். கேனிக், ஸ்வீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசின் மாணவர். 1768 ஆம் ஆண்டில் தரங்கம்பாடித் திருச்சபையின் மருத்துவராக வந்தவர். பின்பு ஆற்காட்டு நவாபிடமும், அதன்பின் ஆங்கிலக் கம்பெனியிடமும் இயற்கை ஆராய்ச்சியாளராக விளங்கினார். நம் வீடுகளில் நாள்தோறும் தாளிப்பில் மணக்கும் கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் இந்தக் கேனிக்கின் பெயர் கலந்திருக்கிறது. செடிகளை வகைப்படுத்தும் லின்னேயசின் முறையை இக்கரையிற் பரப்பியவருள் அவர் முதன்மையானவர். அவருடைய நட்பு ராக்ஸ்பரோவின் ஆர்வத்தை உறுதியான குறிக்கோளாக மாற்றியது.

1780 ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படைகள் கருநாடகத்தினுள் புகுந்தன. காவிரிச் சமவெளியும் போரினால் அல்லலுற்றது. அடுத்த ஆண்டில் ராக்ஸ்பரோ வடக்கே, கோதாவரி கழிமுகத்துக்கு அருகிலுள்ள சாமர்லகோட்டைக்கு மாறினார். அங்குள்ள படைவீட்டுக்கு அவரே மருத்துவர். படைவீரரின் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்திடுதல் அவர் கடமை. அதனோடு அவர் தோட்டம் ஒன்றையும் அமைத்தார். மிளகு, காப்பி, அவுரி முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்த்தார். கம்பெனியார் இவற்றை விரும்பியதற்குக் காரணம் உண்டு. வாணிகத்துக்கு உதவும் சாயமும் மரமும் நறும்பொருளும் எங்கெங்கே கிடைக்கும் என்பதை அறிவதே அவர்களது நோக்கம். ராக்ஸ்பரோ அந்நோக்கத்துக்கும் உழைத்தார். அதனைக் கடந்து, பயனுள்ளது பயனற்றது என்று பாராமல் எல்லாச் செடிகளையும் அறிய முயன்றார்.

இடையூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1785 ஆம் ஆண்டில் கேனிக் நோயுற்றார். ராக்ஸ்பரோ அருகிருந்து மருத்துவம் செய்தும் பயனின்றி அவர் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1787 ஆம் ஆண்டு மே திங்களில் கோதாவரியின் முகத்துவாரக் கரையைக் கடும்புயல் தாக்கியது. கடல் பொங்கி ஊர்களுக்குள் நெடுந்தூரம் புகுந்தது. பல்லாயிரம் மக்கள் மாண்டனர். ராக்ஸ்பரோ பல ஆண்டுகளாகத் திரட்டிய உலர்செடிகளும், எழுதி வைத்த தாள்களும், அரிய நூல்களும் அவ்வெள்ளத்தில் அழிந்தன.

பத்தாண்டு உழைப்பு ஒரே நாளில் அழிந்தால் மனம் தளராதார் சிலரே. ராக்ஸ்பரோ மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் அறிஞருக்குப்பின் சென்னை ஆட்சிப் பகுதியின் இயற்கை ஆராய்ச்சியாளர் என்னும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. 1790 ஆம் ஆண்டையொட்டி, நம் நாட்டு ஓவியரை அமர்த்திச் செடிகளை நீர்வண்ணத்தில் தீட்டுவிக்கலானார். உலர்ந்த செடி நிறம் இழக்கும், பூச்சிகளுக்கு இரையாகும், எழுத்தினால் மட்டும் விளக்கினாலோ தொலைநாட்டார்க்கு உருவம் புலனாகாது. உருவமும் நிறமும் மாறாது நிற்க ஓவியமே வழி என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

செடியின் படத்தை வரைவதில் என்ன அருமை என்று எண்ணுதல் கூடாது. அழகுக்காக வரையும் படம் வேறு. அறிவுக்காக வரையும் படம் வேறு. கிளை பறித்த சில நாழிகைக்குள் இதழ் வாடும்; நிறம் மங்கும். அதற்குள் ஓவியர் கோட்டுருவை அமைத்து, இலையின் மேற்புறத்துப் பசுமையையும் அடிப்புறத்து வெளுப்பையும் வேறுபடுத்தி வண்ணங் கலக்க வேண்டும். நீர்வண்ணத்திற் பிழை நேர்ந்தால் அதனை மறைத்தல் எளிதன்று. ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சைத் தீட்டலாம். கடற்கரையின் ஈரக்காற்றில் அஃது உலரவும் நேரமாகும்.

பூவின் உள்ளுறுப்புகளையும் காட்ட வேண்டும். லின்னேயசின் முறையில் செடியின் வகுப்பை உறுதி செய்வன பூவிலுள்ள மகரந்தக் கேசரங்களின் எண்ணிக்கையும் சூலகத்தின் அமைப்புமே ஆகும். பத்துக் கேசரங்களுக்கு ஒன்பது வரைந்துவிட்டால் செடி வேறொரு வகுப்பிற் சேர்ந்துவிடும். ஆகவே பூவைப் பிளந்து, உருப்பெருக்கும் ஆடியால் நோக்கி, ஒவ்வோர் உறுப்பையும் தாளின் அடியில் தனித்தனியே வரைதல் வேண்டும். மருத்துவர் எண்ணிப் பார்த்ததை ஓவியரின் தூரிகை பிழையின்றிக் காட்ட வேண்டும்.

இவ்வளவு செய்த பின்னரும் படம் முற்றுப்பெறாது. பூ ஒரு பருவத்திலும் காய் மற்றொரு பருவத்திலும் தோன்றும். பங்குனியில் மலர்ந்த மரத்தின் விதையைக் காணச் சில திங்கள் காத்திருக்க வேண்டும். அப்பருவத்தில் ஓவியர் நோயுற்றாலோ, மருத்துவர் வேற்றூர் செல்ல நேர்ந்தாலோ, அடுத்த ஆண்டுவரை அத்தாள் குறையாகவே கிடக்கும். இயற்கையின் நாட்காட்டியை மனிதன் விரைவுபடுத்த இயலாது.

பனைமரத்தை எடுத்துக்கொள்வோம். பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆண்பனை காய்ப்பதில்லை. ஒரே மரத்தைக் கண்டு வரைந்தால் பாதி உண்மையே புலப்படும். அதனால் ராக்ஸ்பரோவின் நூலில் பனைக்கு இரண்டு ஓவியங்கள் உள்ளன. சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் சிவப்பூட்டிய சாயவேர்ச் செடியும், கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டை மரமும், நஞ்சு நிறைந்த எட்டியும் அந்நூலில் இடம்பெற்றன. செடியின் இலத்தீன் பெயரோடு, அவ்வூர் மக்கள் வழங்கிய தெலுங்குப் பெயரையும் அவர் குறித்தார். எந்தச் செடி எதற்கு உதவும் என்பதை உழவரிடமும் சாயத்தொழிலாளரிடமும் கேட்டு எழுதினார். ஒவ்வோர் ஓவியத்துக்கும் எண் இட்டு, அதே எண்ணைத் தம் குறிப்பிலும் பதிவு செய்தார். தாள்கள் ஆயிரக்கணக்கிற் பெருகியபோதும் குழப்பம் நேராமைக்கு இச்சிறு ஒழுங்கே காரணம்.

இப்பணிக்கென அவருக்குத் தனியே நாட்கள் கிடைத்தனவா? இல்லை. அவுரியிலிருந்து நீலம் எடுக்கும் முறை, இராசமகேந்திரப் பகுதியில் கரும்பு விளைவிக்கும் முறை, அரக்குப் பூச்சியின் வாழ்க்கை முதலியவற்றைப் பற்றி அவர் அறிக்கைகள் எழுதினார். 1789 ஆம் ஆண்டை அடுத்து மழை பொய்த்து, வடசர்க்கார் மாவட்டங்களிற் கொடும்பஞ்சம் பரவியது. மழைக் குறிப்புகளை நாள்தவறாது எழுதி வந்த ராக்ஸ்பரோ, வறட்சியின் அளவை எண்களால் எடுத்துக்காட்டினார். நெல் விளையாத ஆண்டிலும் மக்கள் உயிர்தாங்கத் தென்னை, வாழை, பலா போன்றவற்றைப் பெருக நடவேண்டும் என்று ஆட்சியாளருக்கு அறிவுறுத்தினார். பசித்தோர் முகத்தைக் கண்ட அவருக்குச் செடியைப் பற்றிய அறிவு, உயிர் காக்கும் அறிவாகவும் தோன்றியது.

இவ்வாறு இடையிடையே தீட்டப்பெற்ற ஓவியங்கள் தொகுதி தொகுதியாகக் கப்பலேறி இலண்டனுக்குச் சென்றன. ஏறத்தாழ 500 ஓவியங்கள் அங்குச் சேர்ந்தன. சர் ஜோசப் பாங்க்ஸ் என்னும் அறிஞர் அவற்றுள் 300 ஓவியங்களைத் தேர்ந்தெடுத்தார். அவை செப்புத் தகடுகளிற் செதுக்கப்பெற்று அச்சாயின; அச்சான தாள்களுக்குக் கையினால் வண்ணம் தீட்டினர். சோழமண்டலக் கரைத் தாவரங்கள் என்னும் அப்பெருநூலின் முதற்றொகுதி 1795 ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. மூன்று தொகுதிகளும் நிறைவெய்த 1820 ஆம் ஆண்டாயிற்று. அச்சுப்பணிக்கு மட்டும் 25 ஆண்டுகள் சென்றன!

1793 ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், சிப்பூரில் உள்ள தாவரத் தோட்டத்துக்கு ராக்ஸ்பரோ தலைவரானார். ராபர்ட் கிட் என்னும் படைத்தலைவர் 1787 ஆம் ஆண்டில் நிறுவிய தோட்டம் அது. ராக்ஸ்பரோ பொறுப்பேற்றபோது ஏறத்தாழ 300 வகைச் செடிகளே அங்கு இருந்தன. அவர் விலகியபோது வகைகள் ஏறத்தாழ 3500 ஆகப் பெருகியிருந்தன. தேக்குக் கன்றுகளை வளர்த்தல், நாரிழைகளைச் சோதித்தல், பிறநாடுகளுக்கு விதை அனுப்புதல் என்று அலுவல்கள் நாளும் மிகுந்தன. உடல்நலம் குன்றியதால் இருமுறை தாய்நாடு சென்று திரும்ப நேர்ந்தது. ஆயினும் ஓவியப்பணி ஒருபோதும் அடியோடு நின்றுபோகவில்லை. ஓவியர் தோட்டத்திலேயே அமர்ந்து, பூத்தவற்றைப் பூத்தபோதும், காய்த்தவற்றைக் காய்த்தபோதும் தீட்டினர். இவ்வாறு 2500க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாயின.

1813 ஆம் ஆண்டில் ராக்ஸ்பரோவின் உடல் மிகவும் தளர்ந்தது. அவர் இந்தியாவை விட்டு நீங்கினார். செல்லும் வழியில் செயின்ட் ஹெலினாத் தீவில் தங்கியபோதும் அத்தீவின் செடிகளைப் பட்டியலிட்டார். 1815 ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் காலமானார். இந்தியச் செடிகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் அப்போது அச்சேறவில்லை. புறப்படுமுன் அதன் படியைச் சிராம்பூரில் வாழ்ந்த தம் நண்பர் வில்லியம் கேரியிடம் விட்டுச் சென்றிருந்தார். தரங்கம்பாடியைப் போன்றே சிராம்பூரும் அந்நாளில் தேனியர் ஊர். கேரியும் வாலிக் என்னும் அறிஞரும் 1820, 1824 ஆம் ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளை வெளியிட்டனர். நூல் முழுவதும் 1832 ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. எழுதியவர் மறைந்து 17 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் உழைப்பு முழுவுருவம் பெற்றது.

இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. ராக்ஸ்பரோ பார்த்தார், ஆராய்ந்தார், எழுதினார். ஆனால் தூரிகை பிடித்தவர் நம் நாட்டு ஓவியரே. வழிவழி வந்த கலையில் தேர்ந்த அவர்கள், புதிய தாளுக்கும் புதிய முறைக்கும் தம் கையைப் பழக்கிக்கொண்டனர். மெல்லிய நரம்பையும் மயிரிழையையும் பிழையின்றித் தீட்டினர். நூலின் முகப்பில் மருத்துவர் பெயர் பொறிக்கப்பட்டது. ஓவியரிற் பெரும்பாலோர் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. அயலார் ஆட்சியில் உழைப்பவர் ஒருவர், புகழ் பெறுபவர் மற்றொருவர் என்னும் நிலை இருந்தது. ராக்ஸ்பரோவைப் போற்றும்போது, பெயரறியா அக்கலைஞரையும் உடன் போற்றுதல் நம் கடமையாகும்.

அவ்வோவியங்களின் படிகள் இன்றும் கல்கத்தாத் தோட்டத்திலும், இங்கிலாந்தில் கியூ என்னுமிடத்துத் தாவரத் தோட்டத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. ராக்ஸ்பரோ பெயரிட்ட செடிகள் சிலவற்றுக்கு மூலமான உலர்செடி கிடைக்காதபோது, அவ்வோவியத்தையே அப்பெயருக்கு உரிய சான்றாக அறிஞர்கள் கொள்கின்றனர். கேசரங்களை எண்ணி எண்ணி வரைந்த பொறுமை இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் பயன் தருகின்றது.

காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பறந்த அயலார் கொடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. 1954 ஆம் ஆண்டில் காரைக்காலும் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. அரசுகள் மறைந்தன, கோட்டைகள் சிதைந்தன. பனையும் புன்னையும் தாழையும் அங்கே இன்றும் நிற்கின்றன. அவற்றை அன்றொருவர் நின்று நோக்கினார். சிலர் அமர்ந்து தீட்டினர். போரும் புயலும் பஞ்சமும் நோயும் இடைமறித்தபோதெல்லாம் அவர்கள் நிறுத்தினர். இடையூறு நீங்கியபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். அவ்வாறு தொடர்ந்தமையால் அன்றோ அப்பெரும்பணி நிறைவேறியது!